காக் புரதத்தைக் கவனி

அன்புள்ள கயல்விழிக்கு,

எச்.ஐ.வி. வைரஸ் உருவாவதில் அதன் உறையில் துருத்தி நிற்கும் என்வ் புரதத்துக்கே முதலிடம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்வ் இல்லாமலும் துகள்கள் உருவாகும். செல்லுக்குள், வைரஸின் உள்கட்டமைப்பை உருவாக்கும் காக் புரதம் மட்டும் இருந்தாலே போதும், சவ்விலிருந்து உருண்டைகள் பிதுங்கி வெளியேறும். ஒரு துகளில் காக் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் இருக்க, என்வ் முட்களோ பத்துப் பதினைந்தைத் தாண்டுவது அரிது.

காக்கின் ஒரு முனையிலுள்ள எம்.ஏ. (மேட்ரிக்ஸ்) பகுதி, தன்னோடு ஒட்டியுள்ள மிரிஸ்டிக் அமிலத்தாலும் நேர்மின்னூட்டத்தாலும் செல் சவ்வின் உட்புறத்தைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனைக்கு அருகிலுள்ள பகுதி ஆர்.என்.ஏ. இழையைப் பிடிக்கிறது. நீ நின்று பார்க்க வேண்டியது இவற்றுக்கு நடுவிலுள்ள, வைரஸின் கூட்டை அமைக்கும் கேப்சிட் பகுதியை. கரைசலில் இரண்டு கேப்சிட் புரதங்கள் சேரும் பிணைப்பு மிகத் தளர்ந்தது. அதன் பிரிகை மாறிலி (இந்த எண் பெரிதானால் பிடி தளர்வு) ஏறத்தாழ 18 மைக்ரோமோலார். ஆனால் சவ்வும் ஆர்.என்.ஏ.வும் அவற்றை நெருக்கிவைக்கும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையிலுள்ளவற்றை ஒரே நேரத்தில் பல இடங்களில் பற்றுவதால் கூடு நிலைக்கிறது. பிடி தளர்வாக இருப்பது ஒரு வகையில் வசதியும்கூட, ஏனெனில் தவறாகப் பொருந்திய மூலக்கூறு கழன்று மீண்டும் சரியாகச் சேர முடிகிறது.

இந்தக் கூட்டில் காக் ஆறாறாகச் சேரும் இடத்தின் மையத்தில், செல்லுக்கே சொந்தமான ஐ.பி.6 என்னும் சிறு மூலக்கூறு அமர்ந்து, சுற்றியுள்ள லைசின் என்னும் நேர்மின்னூட்ட அமினோ அமில வளையங்களின் மின்விலக்கத்தைத் தணிக்கிறது. 2018இல் தெளிவான செய்தி இது. தானியத் தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் என்று நீ படித்தாயே, அதுவேதான்! துகள் வெளியேறும் வேளையில் புரோட்டியேஸ் நொதி காக்கைத் துண்டாக்கியதும், கேப்சிட் புரதங்கள் கூம்பாக மறுபடி அடுக்கப்படும்போது, அங்கும் ஆறின் நடுவே இதே மூலக்கூறு வந்து அமர்கிறது, ஆனால் வேறொரு வளையத்தில்.

இப்போது உன் என்வ்வுக்கு வருகிறேன். எம்.ஏ. பகுதியின் 30ஆம் இடத்து லியூசினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றினால், துகள் உருவாகும், என்வ் மட்டும் அதில் ஏறாது. சவ்வுக்கு உட்புறம் நீளும், ஏறத்தாழ 150 அமினோ அமிலங்கள் கொண்ட என்வ்வின் உள்வாலுக்கு எம்.ஏ. அடுக்கில் இடம் வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று.

கேப்சிட் புரதங்கள் ஒன்றையொன்று பற்றும் இடுக்கில் போய் உட்கார்வதுதான் லெனாகபாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து; 2022இல் ஒப்புதல் பெற்ற அந்த மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டால் போதும். ஆகவே காக்கைப் படிப்பதை வெறும் அடிப்படை ஆர்வம் என்று உன் நண்பர்கள் ஒதுக்க வேண்டாம்.

உள்வாலை வெட்டிய என்வ்வைச் சோதிக்கப் போவதாகச் சொன்னாய். எந்தச் செல்களில் செய்கிறாய் என்று அடுத்த மடலில் எழுது. ஆய்வகத்தில் வளர்க்கும் 293டி என்னும் மனிதச் செல்களில் வால் இல்லாமலும் என்வ் ஏறிவிடும். மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த டி செல்களில் அவ்வாறு ஏறாது. இரண்டிலும் செய்து பார்த்த பிறகே முடிவு எழுது.

அன்புடன்,
அம்மா