எழுமலைக்கு மேற்கேயும் ஊர்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டச் சிற்றூர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் எங்கள் எழுமலைக்கு ஒரே வரிதான்: "மாவட்டத்தின் கடைக்கோடி". மதுரையிலிருந்து கிளம்பி வருபவருக்கு அப்படித்தான் தோன்றும். உசிலம்பட்டி போய்த் தெற்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் டி.கல்லுப்பட்டி, பேரையூர் வழியாக வர வேண்டும். எப்படி வந்தாலும் மேற்கே மலை மறித்து நிற்கும்.

ஆனால் மலைக்கு அந்தப் பக்கம்தான் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு. அங்கே விழும் மழை வைகையாகி வடக்கே ஓடி, வைகை அணைக்குப் போய், ஆண்டிபட்டி மலையைச் சுற்றிக்கொண்டு மதுரைக்குச் சேர்கிறது. எங்கள் பக்கம் இறங்கும் ஓடைத் தண்ணீரோ குண்டாற்றோடு திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று போய்விடும். வைகை பிறக்கும் மலையின் அடிவாரத்திலேயே இருந்தும் எங்கள் மானாவாரிக் காடுகளுக்கு அந்த ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தென்மேற்குப் பருவமழையையும் மலை தடுத்துவிடுவதால் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. கட்டுரையாளர் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மல்லப்புரம் மலைச்சாலையில் ஏறி இறங்கினால் மயிலாடும்பாறை. அந்தச் சாலை குறுகல், வளைவுகள் அதிகம். மழையில் ஓரம் அரித்துப்போனால், உசிலம்பட்டி போய், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, ஆண்டிபட்டியிலிருந்து மறுபடி தெற்கே இறங்க வேண்டும். எதிரே தெரிகிற மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு இவ்வளவு சுற்று! கொண்டான் கொடுத்தான் உறவுள்ளவர்களுக்கு இந்த அலைச்சல் புரியும்.

1996இல் தேனி தனி மாவட்டமாகும் வரை மலையின் இருபுறமும் மதுரை மாவட்டமே. இப்போது எங்களுக்கு வட்டம் பேரையூர், மாவட்டம் மதுரை, சட்டமன்றத் தொகுதி உசிலம்பட்டி, நாடாளுமன்றத் தொகுதியோ தேனி. ஓட்டுக்கு மலை தடையில்லை, பேருந்துக்குத் தடையா?

காட்டை அழித்துப் புதுச்சாலை போடச் சொல்லவில்லை. காடு இருந்தால்தான் ஓடையில் தண்ணீர் வரும். இருக்கும் சாலையில் தடுப்புச்சுவரும் மழைநீர் வடிகாலும் பழுதில்லாமல் இருந்து, சிற்றுந்துகள் நேரம் தவறாமல் ஓடினால் போதும். இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். அடுத்த முறை தங்கள் செய்தியாளர் வருசநாட்டிலிருந்து கிளம்பி, மல்லப்புரம் இறங்கி எழுமலைக்கு வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எழுமலை, மதுரை மாவட்டம்.