அப்பாவோட கையை பத்தி

வாயாடி,

திட்டாத. நாலு மாசமா நீ அனுப்புன மெசேஜுக்கெல்லாம் வெறும் கட்டைவிரல் மட்டும் போட்டுட்டு இருந்தேன், தெரியும். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துருச்சு, வாய பொத்திட்டே பேசறா. நெட்டை மறுபடி வேலைய விட்டுட்டா, கேட்டா "அது பெரிய கதை"ங்கிறா. நியூஸ் அவ்ளோதான். அப்பாவுக்கு அடுத்த மாசம் ஆஞ்சியோன்னு நீ எழுதினத படிச்சதுல இருந்து ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு.

பயப்படாத, இதயத்த பத்தி இல்ல. கையை பத்தி.

போன வாரம் ஆஞ்சியோ பண்ற எங்க கேத் லேபுக்கு ஒருத்தர் வந்தார். ரெண்டு வருஷம் முன்னாடி வலது மணிக்கட்டு வழியா எங்ககிட்டயே பண்ணிக்கிட்டவர், இந்த தடவையும் அதே கைதான்னு துடைச்சு துணி போர்த்தி எல்லாம் ரெடி. ஊசி போட்டா ரத்தமே வரல. ஸ்கேன் வெச்சு பாத்தா கட்டைவிரல் பக்கத்து ரேடியல் ரத்தக்குழாய் முழுசா அடைச்சு கிடக்கு. ஆனா விரல் வெச்சா துடிப்பு தெரியுது டி! சுண்டுவிரல் பக்கத்து அல்நார் குழாய்ல இருந்து ரத்தம் உள்ளங்கைய சுத்திட்டு வந்து அந்த துடிப்ப குடுக்குது, அதனால கைக்கு ஒரு குறையும் இல்ல, வலி இல்ல, ரெண்டு வருஷமா அவருக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது. இடது கைல குழாய் ரொம்ப மெலிசு. கடைசில தொடை வழியா பண்ணி, முதுகுவலிக்காரர் மணிக்கணக்கா காலை மடக்காம மல்லாக்க கிடந்தார். "போன தடவ கைல பண்ணி சாயங்காலமே நடந்து போனேனேம்மா"ன்னு என்கிட்ட கேட்டார்.

பழைய ஃபைல எடுத்து பாத்தேன். ரத்தம் நிக்க மணிக்கட்டுல காத்தடிச்சு கட்டற பேண்ட் இருக்கே, அத கட்டினது நான். 18 மில்லி காத்து, முழுசா. முதல் தடவ காத்த இறக்கினதே நாலு மணி நேரம் கழிச்சு. கீழ என் கையெழுத்து. அன்னிக்கு எத்தன கேஸ் இருந்துச்சோ எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா இறுக்கி கட்டினா ரத்தம் கசியாது, நிம்மதியா அடுத்த வேலைய பாக்கலாம்னு தான் அப்ப நாங்க எல்லாருமே நெனச்சோம்.

அந்த இறுக்கம்தான் வினை. குழாய்க்குள்ள சொருகின ஷீத்த, அதான் அந்த பிளாஸ்டிக் ட்யூப, எடுத்ததும் குழாயோட உள்சுவர்ல காயம் இருக்கும், அதுக்கு மேல ரத்த ஓட்டத்தையும் நிறுத்திட்டா அங்கயே உறைஞ்சிரும். கட்டும்போது கட்டைவிரல்ல ஆக்ஸிஜன் அளவு பாக்கற சாச்சுரேஷன் க்ளிப்ப மாட்டி, அல்நார விரலால அமுக்கிட்டு, பேண்ட்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா காத்த இறக்கணும். மானிட்டர்ல படுத்து கிடந்த கோடு மெதுவா அலையா எழும்பும் பாரு, அந்த இடத்துல நிறுத்தணும். வெளிய ரத்தம் கசியக்கூடாது, உள்ள ஓட்டம் நிக்கவும் கூடாது. 2008ல வந்த ப்ராஃபெட் ஆய்வுல இப்படி கட்டினவங்களுக்கு மறுநாள் அடைப்பு 12 சதவீதத்துல இருந்து 5க்கு இறங்குச்சு, ஒரு மாசம் கழிச்சு பாத்தப்ப 7க்கு பதிலா 1.8 தான். புது மிஷின் இல்ல, புது மருந்து இல்ல, ஒரு நர்ஸ் பக்கத்துல ரெண்டு நிமிஷம் நிக்கிறது, அவ்ளோதான். இத தெரிஞ்சும் ஏன் எல்லா இடத்துலயும் பண்ண மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு கோவம் கோவமா வருது.

இது மட்டும் பத்தாது, ரத்தம் உறையாம இருக்க குடுக்கற ஹெபாரின் சரியான அளவு போயிருக்கணும், ஷீத் குழாய விட தடிமனா இருக்கக்கூடாது, பேண்டும் தேவைக்கு மேல கைல இருக்கக்கூடாது. இப்ப சில பேர் கட்டைவிரல விரிச்சு தூக்கினா அடில ஒரு குழி விழுமே, அங்க ஊசி போடறாங்க. 2022ல அதையும் மணிக்கட்டையும் ஒப்பிட்டு பாத்தாங்க, எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணதுல ரெண்டு பக்கமும் அடைப்பு 1 சதவீதத்துக்கு உள்ள தான். அப்ப எங்க குத்தறோம்ங்கிறத விட எப்படி பாத்துக்கறோம்ங்கிறது தான் பெருசுன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

நீ குழந்தைங்க வார்டுலயே இருக்கறதால இவ்ளோ எழுதறேன். அப்பாவுக்கு கிரியாட்டினின் ஏறி இருக்குன்னு ஒரு வரில சொல்லிட்டு போயிட்டியே, அது கிட்னி விஷயம், சின்ன விஷயம் இல்ல டி. நாளைக்கு டயாலிசிஸ் வந்தா ஃபிஸ்டுலா போட, அதான் கைல ரெண்டு ரத்தக்குழாய சேத்து தைக்க, கைல நல்ல குழாய் வேணும், பைபாஸ்னாலும் ரேடியல எடுக்கலாம். அதனால எந்த கை, மணிக்கட்டு வேணுமா வேணாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே உக்காந்து பேசு. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ரேடியல் திறந்திருக்கான்னு பாக்க சொல்லு. விரலால துடிப்பு பாத்துட்டு சரின்னு சொன்னா ஒத்துக்காத, க்ளிப் மாட்டி அல்நார அமுக்கி பாக்கணும். அலை வரலன்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம், அப்பவே கண்டுபிடிச்சா அல்நார ஒரு மணி நேரம் அமுக்கி வெச்சே பல பேருக்கு திறந்துவிட்டிருக்காங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு மூணு நாள் அந்த கையால வாளி தூக்க விடாத, அவர் கேக்க மாட்டார், எனக்கு தெரியும், இருந்தாலும். ரத்தம் வந்தா அந்த இடத்த விரலால அழுத்தி பிடிச்சுட்டு ஆள கூப்பிடு. முன்கை வீங்கி கல்லு மாதிரி ஆனாலோ விரல் மரத்துப் போனாலோ காலைல பாக்கலாம்னு இருக்காத, உடனே கெளம்பு.

அந்த மனுஷர்கிட்ட நடந்தத சொல்லி மன்னிப்பு கேட்டேன். என் கைய பிடிச்சு தட்டிக்குடுத்துட்டு போனார், அது இன்னும் கஷ்டமா போச்சு. இப்பல்லாம் பேண்ட் கட்டிட்டு அந்த அலை எழும்பாம நான் நகர்றதில்ல, ஜூனியர் பசங்க பின்னாடி நின்னு முணுமுணுக்கறாங்க.

தேதி முடிவானதும் சொல்லு. லீவு போட்டுட்டு வரேன், அன்னிக்கு அப்பா பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்.

உன்
குட்டச்சி