கோல்ஃப் பார்க்கப் போகிறவனுக்குப் பசி காலை ஆறு மணிக்கே வந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 16 முதல் 19 வரை டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப் நடந்ததே, அதைப் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் எங்கே சாப்பிடலாம், குடிக்கலாம் என்று உங்கள் டெல்லிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். குறை சொல்ல எழுதவில்லை என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், ஆனால் குறைதான் சொல்லப்போகிறேன். அதில் இருந்த கடைகளில் ஒன்றுகூட காலை ஏழுக்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்காது. கோல்ஃபோ காலை ஏழு மணி வாக்கிலேயே தொடங்கிவிடுகிற ஆட்டம்.

நான் மத்திய அரசு அலுவலகமான சாஸ்திரி பவனில் 31 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். ஜாகிர் உசேன் மார்க்கில் அந்தக் கிளப்பின் மதில் சுவரை எத்தனையோ தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே கால் வைத்தது இந்தத் தடவைதான். அதுவும் அக்கா மகனால். கோவையில் வேலை பார்க்கிறான், ரோரி மெக்கில்ராய் என்றால் உயிர். ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்து கோல்ஃபின் நான்கு பெரிய பட்டங்களையும் எடுத்து முடித்த மனிதர் டெல்லியில் ஆடுகிறார் என்றதும் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டான். "மாமா, அவர் இங்கே டிரைவர் இல்லாமலேதான் ஆடப்போகிறாராம்" என்றான். பாவம், வண்டி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பந்தை ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய தலை மட்டைக்கு அதுதான் பெயராம். இங்கே பாதை குறுகல், இரண்டு பக்கமும் புதர், பந்து உள்ளே போனால் போனதுதான், அதனால் அந்த மட்டை வேண்டாம் என்று வைத்துவிட்டார் என்று விளக்கினான்.

முதல் நாள் உங்கள் செய்தியை நம்பி வெறும் வயிற்றோடு கிளம்பினோம். கான் மார்க்கெட் மெட்ரோவில் இறங்கும்போது மணி ஆறரை. ஒரு பால் வண்டி, பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள், மற்றபடி எல்லாக் கடையிலும் ஷட்டர். சரி, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டோம். கிரிக்கெட் மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிற விஷயமில்லை இது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. பிடித்த ஆட்டக்காரர் பின்னாலேயே போகவேண்டும், 18 குழியும் சுற்றினால் ஏழெட்டு கிலோமீட்டர் ஆகிவிடும், நிழல் இருக்கிற இடத்தில் எல்லாம் நிற்கவும் முடியாது. பத்தாவது குழி தாண்டும்போது பையன், "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது மாமா" என்றான். மெக்கில்ராயை விட்டுவிட்டு வெளியே வந்தோம்.

வெளியே வந்து போன கடையின் பெயர் வேண்டாம். ஃபில்டர் காபி என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பித்தளை டம்ளர் வந்தது, டபரா வந்தது, அடியில் ஒரு மரத்தட்டுகூட வந்தது, காபி மட்டும் வரவில்லை. நுரைக்குக் கீழே என்னவோ வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு காபி, இரண்டு துண்டு ரொட்டி, எண்ணூற்றுச் சொச்சம். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக் காபிப்பொடியும் பாலும் அதில் முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் புத்தி வந்தது. வீட்டுக்காரி இரவே இட்லி வார்த்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, ஆளுக்கு ஆறு என்று டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டாள். லோதி கார்டனில் காலை ஆறேகாலுக்கு, ஒரு கல்லறை மாடத்தைப் பார்த்த மாதிரி இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் டப்பாவையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே போனார், திரும்பி வரும்போதும் பார்த்தார், ஒன்று கொடுத்திருக்கலாம். பொடி ஊறி, ஓரம் சிவந்து, முந்தின நாள் இட்லிக்கே வருகிற அந்த இறுக்கத்தோடு இருந்தது. அன்றைக்கு மதியம் ஒரு மணி வரை பையன் பசி என்று வாயே திறக்கவில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். ஆட்டக்காரர் மட்டையை ஓங்கும்போது ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நேரம் பார்த்து எனக்குப் பக்கத்தில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற தொண்டர் கையைத் தூக்க, ஐம்பது அறுபது தலை ஒரேயடியாகத் திரும்ப, அந்த மனிதர் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே சிலையாகிவிட்டார். நாங்கள் கடலை மிட்டாயை முன்கூட்டியே காகிதம் பிரித்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டோம்.

மற்ற நேரங்களுக்கும் சொல்கிறேன், அடுத்த முறை போடும்போது உதவும். நடக்கிற தூரத்தில் நிஜாமுதீன் பஸ்தி இருக்கிறது, விடிந்ததும் நிஹாரி கிடைக்கும். இரவு முழுக்கச் சின்னத் தீயில் வெந்த கறி, காலையில் ரொட்டியோடு, கிட்டத்தட்ட நம் ஆட்டுக்கால் பாயா மாதிரி. காலைப் பொழுதைச் சொல்கிற நஹார் என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்த பெயராம், அதைவிடப் பொருத்தமாகக் கோல்ஃப் பார்க்கிறவனுக்கு என்ன வேண்டும். நான் சைவம், டீயோடு நிறுத்திக்கொண்டேன், ருசிக்குப் பையன்தான் சாட்சி. இரண்டாவது ரொட்டி கேட்டான்.

மதியத்துக்கு ஆந்திர பவன். ஆட்டோவில் போனால் இந்தியா கேட் தாண்டி அசோகா ரோடு, அவ்வளவுதான். டோக்கன் வாங்கிவிட்டு நிற்கவேண்டும், உட்கார்ந்த மாத்திரத்தில் தட்டு நிறைந்துவிடும், பருப்புப்பொடியும் நெய்யும் கேட்கக் கேட்க வரும், கடைசி வாய் மோருஞ்சோறு உள்ளே போவதற்குள் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். இதையெல்லாம் டெல்லித் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஆனால் ஊரில் இருந்து போட்டிக்காக வருகிறவனுக்கு யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இருக்கும், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். ஜன்பத் சரவண பவனை நீங்களே போட்டிருந்தீர்கள், அது சரி. ஷாஜகான் ரோட்டில் யூபிஎஸ்சி கட்டடத்தை ஒட்டிய சந்தில் இருக்கிற சாட் கடையை விட்டுவிட்டீர்கள். நம் ஊரில் இருந்து நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே கோல்கப்பா தின்றுவிட்டுத்தான் ரயில் ஏறியிருப்பார்கள், பாஸானவர்களும் சரி, ஆகாதவர்களும் சரி. இரவுக்குப் பண்டாரா ரோடு, பட்டர் சிக்கன், தால் மக்கனி, நெடுநேரம் திறந்திருக்கும், அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குடிக்க என்றும் தலைப்பில் போட்டிருந்தீர்கள். பையனுக்கு வயது 24. டெல்லியில் 25 ஆனால்தான் மது, அதனால் அந்தப் பேச்சு எங்களுக்கு வரவே இல்லை, வந்திருந்தாலும் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். பத்துமணி வெயிலில் நடந்தவனுக்குத் தேவை எலுமிச்சையும் மசாலா உப்பும் போட்ட பண்ட்டா. நம் கோலி சோடாவேதான், இந்த ஊரில் கோலிக்குண்டுக்குப் பெயர் பண்ட்டா.

உண்மையில் அந்தப் பக்கத்தில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்கவேண்டியது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடிகளிடம். கேடி என்றால் நம் ஊரில் அர்த்தமே வேறு, அதனால் பையன் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு டீக்கடையில் பிரெட் ஆம்லெட்டுக்குக் காத்திருந்த வயதான ஒருவர் சொல்லித்தான் எனக்கு அலி ஷேர் கதை தெரியும். இதே கிளப்பில் பை தூக்கிக்கொண்டிருந்தவர், 1991இல் இதே மைதானத்தில் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார், 1993இல் மறுபடியும் ஜெயித்தார். 1964இல் முதல் இந்தியன் ஓப்பனும் இங்கேதான் நடந்தது, ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் ஜெயித்தார். இதெல்லாம் பையனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது, எனக்குத்தான் டீயோடு சேர்த்து வந்தது.

கிளப்பின் சொந்தச் சாப்பாட்டு அறை உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்து வருகிறவர்களுக்கும்தான், நமக்கில்லை. 2017 ஜூனில், விருந்தாளியாக அங்கே சாப்பிட வந்த மேகாலயப் பெண்மணியை, அவர் கட்டியிருந்த ஜைன்செம் என்ற அவர்கள் ஊர்ப் பாரம்பரிய உடை வேலைக்காரி உடுப்பு மாதிரி இருக்கிறது என்று எழுந்து போகச் சொன்னது பெரிய செய்தியானது. நம்மாலும் ரொம்பப் பேச முடியாது, சென்னையில் 2014இல் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நீதிபதியையே வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலில் நிறுத்தி, அதற்காகத் தனிச் சட்டம் போடவேண்டி வந்ததே.

கடைசி நாள் ஞாயிறு, முன்னணியில் இருக்கிறவர்கள் கடைசியாகத்தான் கிளம்புவார்கள் என்பதால் நிதானமாகப் போனோம். டாமி ஃப்ளீட்வுட் 22 அண்டரில், அதாவது மைதானத்துக்கென்று வைத்த அடிக்கணக்கைவிட 22 அடி குறைவாக அடித்து ஜெயித்தார், ஜப்பானின் கெய்தா நகாஜிமா இரண்டு அடி பின்னால். 18ஆவது குழியில் ஃப்ளீட்வுட்டின் சின்னப் பையன் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். மெக்கில்ராய் எங்கேயோ பின்னால் முடித்தார், என் பையன் அதைப்பற்றி வீடு வரைக்கும் பேசவில்லை. மறுநாள் தீபாவளி என்பதால் திரும்புகிற வழியில் சுந்தர் நகர் மார்க்கெட்டில் ஸ்வீட் வாங்க இறங்கினோம், அங்கே நின்ற கூட்டம் கோல்ஃப் மைதானத்தில்கூட இல்லை.

இத்தனையும் எழுதிவிட்டு, எழுதவேண்டியதை இன்னும் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் நிஜாமுதீனுக்கு முன்னால் நான் பையனைக் கூட்டிக்கொண்டு போனது போகல் என்கிற பேட்டைக்கு. கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் இருந்து ஓர் அம்மா விடியற்காலை ஐந்தரைக்கு இட்லி கொண்டு வருவார், அவருக்குப் பிறகு அவர் மகள். சைக்கிள் கேரியரில் துணி சுற்றிய அலுமினிய டப்பா, மூடி போட்ட வாளியில் சாம்பார், பால் கேனில் தேங்காய்ச் சட்னி, ஒரு தொன்னையில் நான்கு. ஆட்டோக்காரர்களிடம் இந்தியில் அதட்டிக் காசு வாங்கிக்கொண்டே என்னிடம் திரும்பி, "அண்ணே, சட்னி போதுமா" என்பார். மயூர் விஹாருக்கு மாறிய பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போய்விடுவேன். கோல்ஃப் கிளப்பில் இருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை.

2025 ஜூன் 1ஆம் தேதி, பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த அந்த கேம்ப்பை நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். 189 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு என்று சொன்னார்கள், அது நகரத்தின் அடுத்த கோடி. செய்தியைப் படித்திருந்தேன், இருந்தாலும் அந்த முனையில் சைக்கிள் நிற்கும் என்றே நினைத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் ஒருவர் மொபைல் கவர் விற்பதற்காகத் துணி விரித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "மதராசி வாலி? வோ தோ கயீ" என்றார், அந்த மதராசிப் பெண்ணா, அவர் போய்விட்டாரே என்று.

நரேலாவிலோ வேறெங்கேயோ அந்த இட்லி அக்கா கடை போட்டிருந்தால், தெரிந்த வாசகர்கள் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். இடது கையில் கடிகாரம் கட்டியிருப்பார், சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கிற நாளில் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்
மயூர் விஹார், டெல்லி