தயிர் நல்லதுதான், கூட வரும் சோறு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தினமும் தயிர் சாப்பிட்டால் எடையும் சர்க்கரையும் குறையும் என்று சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டே சிலர் வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தயிரைப் பற்றி நல்ல செய்தி இருப்பது உண்மை. அமெரிக்காவில் நர்சுகள், மருத்துவத் துறையினர் என்று 1,20,877 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதிய ஆய்வு 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. தினம் ஒரு பங்கு யோகர்ட்டைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு எடை ஏறுவது குறைவாக இருந்தது. எவ்வளவு குறைவு? நான்கு ஆண்டுக்குச் சுமார் 370 கிராம். உங்கள் கட்டுரையில் இந்த எண் இல்லை. அதோடு, யோகர்ட் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகக் காய்கறி, நடைப்பயிற்சி எல்லாவற்றிலும் கவனமாக இருப்பவர்கள். எது தயிரால் வந்த பலன், எது அந்தப் பழக்கங்களால் வந்தது என்று இப்படிப்பட்ட ஆய்வால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வாரம் இரண்டு கப் யோகர்ட் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயத்தைக் குறைக்கலாம் என்று டப்பாவில் போட இடம் கொடுத்தது. ஆதாரம் குறைவுதான் என்பதையும் சேர்த்தே போடச் சொன்னது. அதுவும் நோய் வராமல் இருப்பதைப் பற்றிய பேச்சு. ஏற்கெனவே சர்க்கரை இருப்பவருக்கு அது குறையும் என்று அதில் இல்லை.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவோம். சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, அப்புறம் தயிருக்கென்று மூன்றாவது தடவை சோறு. வயிறு நிறைந்த பிறகும் இந்தக் கடைசிச் சோறு இலையில் விழுகிறது. தொட்டுக்கொள்ள ஊறுகாய், மோர் மிளகாய். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அந்த உப்பு வேறு. தயிரை அதிகமாகச் சாப்பிடச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் கூடப்போவது சோறுதான். அதனால் வருகிறவர்களிடம் ரசத்தோடு சோற்றை முடித்துக்கொள்ளச் சொல்கிறேன். வெள்ளரியோ கேரட்டோ துருவிப் போட்டு, ஒரு கிண்ணம் தயிரைத் தனியாகச் சாப்பிடலாம். சாயங்காலம் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் இருந்த இடத்தில் உப்புக் குறைந்த மோர் குடிக்கலாம். தயிர் எதன் இடத்துக்கு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

இன்னொன்று. கட்டுரைக்குப் பக்கத்திலேயே பழச்சுவை யோகர்ட் கப்பின் படம். கடையில் அப்படி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன்: 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 14 கிராம். வெறும் தயிரில் பாலிலிருந்தே வருவது நான்கைந்து கிராம்தான், மீதி சேர்த்தது. பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பி இதை வாங்கிக் கொடுக்கிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

நல்ல பாக்டீரியாவைப் பற்றியும் கொஞ்சம் கூடுதலாகவே எழுதிவிட்டார்கள். கடை யோகர்ட் குறிப்பிட்ட இரண்டு வகை பாக்டீரியாவால் உறைவது. நம் உறைமோரில் இருப்பது வீட்டுக்கு வீடு மாறும். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் எதுவும் உயிரோடு மிஞ்சாது. ஆனால் புரதமும் கால்சியமும் எங்கேயும் போகாது. தயிர் சாப்பிட அதுவே போதுமான காரணம்.

போன வாரம் வந்த ஒரு அம்மா, கட்டுரையைப் படித்துவிட்டுக் காலை மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டு வருவதாகச் சொன்னார். பரிசோதனையில் சர்க்கரை நன்றாக ஏறியிருந்தது. தயவுசெய்து அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தயிர் சாப்பிடுகிறோம் என்று யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.