ஒரு நாள் குறைவு

அன்புள்ள மாப்பிள்ளை,

பத்து மாதமாகப் பதில் போடாதவனை என்னவெல்லாம் வைதிருப்பாய் என்று தெரியும். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பையன் என்னைவிட உயரமாகிவிட்டான். மெஸ் பாக்கிக்காரர் இன்னும் உன் பணத்தைத் தரவில்லை என்றால் வட்டியோடு கேள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

எனக்குப் பேஸ்பால் பித்துப் பிடித்திருக்கிறது. சிரிக்காதே. டர்ஹாம் புல்ஸ் என்கிற உள்ளூர் அணியின் மைதானம் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அங்கே சுவர்மேல் பெரிய காளை ஒன்று நிற்கிறது. அடித்த பந்து காளைமேல் பட்டால் ஸ்டேக் என்கிற மாட்டுக்கறி பரிசு, அதன் காலடிப் புல்லில் பட்டால் வெறும் சாலட்! டாம்பா பே ரேஸ் என்கிற பெரிய அணிக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் இடம் இது. இவர்கள் 'பண்ணை' என்கிறார்கள், எனக்கென்னவோ நாற்றங்கால் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பயிர் பச்சை கட்டியதும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாரைப் பார்க்கப் போனேனோ அவன் அடுத்த வாரம் இருப்பதில்லை.

சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். மேலே போனால் கோடிகள். கீழே? 2023இல் ஆட்டக்காரர் சங்கம் ஒப்பந்தம் போடும்வரை டிரிபிள் ஏ ஆட்டக்காரனின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 17,500 டாலர்தான். அந்த ஒப்பந்தத்தில் அது 35,800 ஆனது. இதில் உன்னைப் போலச் சிபாரிசில் நுழைந்தவர்களும் உண்டு. மைக் பியாசா என்கிற ஆட்டக்காரர் அப்படித்தான். டாட்ஜர்ஸ் அணி மேலாளர் லசோர்டா அவருடைய அப்பாவின் நண்பர் என்பதால், 1988 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் ஏலம் மாதிரியான தேர்வில், 62ஆவது சுற்றில் போனால் போகிறது என்று எடுத்தார்கள். 2016இல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏறிவிட்டது. நீயும் நானும் இன்னும் சங்கச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. கிரிஸ் பிரையன்ட் கதையைக் கேள். 2014இல் மைனர் லீக்கில், அதாவது இந்தப் பண்ணை அணிகளில், 43 ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். அடுத்த ஆண்டு பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது. அவரைவிட ஆயத்தமான ஆள் கிடையாது. ஆனாலும் சிகாகோ கப்ஸ் அணி, தடுப்பாட்டம் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி அயோவாவிலுள்ள தன் டிரிபிள் ஏ அணிக்கு அனுப்பிவிட்டது. ஏப்ரல் 17 அன்று கூப்பிட்டுக்கொண்டது. பருவம் தொடங்கிப் பன்னிரண்டே நாளில் தேறிவிட்டாராம்!

பெரிய அணியில் 172 நாள் இருந்தால்தான் ஓராண்டுக் கணக்கு. ஆறு ஆண்டு சேர்ந்தால் வீரர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். அந்தப் பருவத்தில் பிரையன்டுக்குக் கிடைத்தது 171. ஒரு நாள் குறைந்ததால் இன்னுமோர் ஆண்டு அவர் கப்ஸின் கைக்குள். அவர் புகார் கொடுத்தார். 2020இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. விதிப்படி எல்லாம் சரி. 2022இல் விதியைக் கொஞ்சம் மாற்றினார்கள், அது வேறு விஷயம்.

இதைப் படித்துவிட்டுக் கப்ஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரவு தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? என் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. பதவி உயர்வு கொடுத்தால் வேறு பிரிவுக்குப் போய்விடுவாள். சென்ற ஆண்டு மதிப்பீட்டில் 'இன்னும் ஓராண்டு முதிர்ச்சி தேவை' என்று எழுதினேன். முதிர்ச்சி அவளுக்கு வேண்டிய அளவு இருந்தது. அவள் இல்லாமல் என் வேலை ஓடாது, அதுதான் காரணம். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள், மாப்பிள்ளை. அதுதான் உறுத்துகிறது.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன். பரிந்துரையை எழுதி வைத்துவிட்டேன். போன ஆண்டு செய்ததைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு உயர்வை மட்டும் கொடுப்பதா என்பதுதான் விளங்கவில்லை. உன் கீழே முப்பது பேர் வேலை பார்த்தார்களே, நீ யாரையாவது இப்படிப் பிடித்து வைத்ததுண்டா? மழுப்பாமல் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது.

உன்,
பழைய அறைக்காரன்