‘கழிவுக் குட்டி’ என்றால் என்ன, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாட்டு நாய் வளர்ப்பு பற்றி நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. இந்த முறை ராஜபாளையம் நாய் என்று எழுதி ராஜபாளையம் நாயின் படத்தையே போட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினா நாட்டு டோகோ என்ற வேறொரு வெள்ளை நாயை அட்டையில் நிறுத்தி, கீழே ‘தென்னாட்டு வீரன்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதம் தபாலில் தொலைந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ‘மறை விழுந்த, மூக்குக் கறுத்த கழிவுக் குட்டிகளை முப்பது நாளிலேயே பாதி விலைக்குத் தள்ளிவிடுவது பண்ணைக்கு நல்லது.’ மறை என்பது வெள்ளை உடம்பில் விழும் நிறத் திட்டு. ராஜபாளையம் நாய் என்றால் பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் வேண்டும் என்பது வாங்குகிறவர்கள் கணக்கு. இதை எழுதியவர் நாய் வளர்த்தவரா, நாயை எண்ணிக் கணக்கு எழுதியவரா என்று தெரியவில்லை. காய்கறிக் கடையில் அழுகிய தக்காளியைக் கழிப்பார்கள், கேட்டிருக்கிறேன். காதோரம் ஒரு செவலைப் புள்ளி விழுந்த குட்டியில் எது அழுகியது?

நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ராஜபாளையம் நாய் இருக்கிறது. அதற்கு முன் அப்பாவும் தாத்தாவும் வளர்த்தார்கள். தாத்தா காலத்தில் பெட்டை ஈன்ற மறுநாள் விடியுமுன் ஒரு மண்வெட்டி தோட்டத்துக்குப் போகும். அது திரும்பி வரும்போது ஈற்றில் ஒன்றோ இரண்டோ குறைந்திருக்கும். மறை விழுந்தவையே குறையும். வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். இப்போது மண்வெட்டிக்குப் பதில் பாதி விலை வந்திருக்கிறது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் தங்கள் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். வெள்ளை நாய்களுக்குக் காது கேளாமை வருவதற்குக் காரணம் உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்செவிக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், பிறந்து மூன்று நான்கு வாரத்தில் கேட்கும் நுண்மயிர்கள் பட்டுப்போகும். போனது திரும்பாது. டால்மேஷியன் நாய்களில் இதைத் தீர ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. நீலக் கண் இருந்தால் அந்த அபாயம் கூடுகிறது. பிறக்கும்போதே பெரிய மறையோடு வரும் டால்மேஷியனுக்குக் குறைகிறது. கண்காட்சி விதி என்ன சொல்கிறது தெரியுமா? மறை இருந்தால் தகுதி இல்லை. காது கேட்பதை வெளியே நிறுத்தி, கேளாததற்கு மாலை போடுகிறார்கள். நாமும் தலைமுறை தலைமுறையாக மறைக் குட்டியைக் கழித்துக் கழித்து எதை வளர்த்தோம் என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன்.

அந்த ‘முப்பது நாள்’ வேறு. காதுச் சோதனையை ஐந்து வாரம் ஆன பிறகுதான் நம்ப முடியும். முப்பது நாளில் தள்ளிவிட்டால் குட்டிக்குக் காது கேட்குமா கேட்காதா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பண்ணைக்கு நல்லதுதான். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. சட்டத்தை மீறச் சொல்லும் யோசனையைக் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 1994-இல் எங்கள் பெட்டை ஏழு குட்டி போட்டது. ஆறு பால் வெள்ளை. ஒரு கடுவனுக்கு, அதாவது ஆண் குட்டிக்கு, மட்டும் இடது காதில் உள்ளங்கை அகலத்துக்குச் செவலை மறை. வெள்ளைக் குட்டிகளில் ஒரு பெட்டை அத்தனை அழகு. ரோஸ் மூக்கு, நீண்ட கால், சாட்டை வால். ஒரு நாள் அடுப்படியில் பித்தளை அண்டா உருண்டு விழுந்தது. மற்ற ஆறு குட்டிகளும் திடுக்கிட்டு எழுந்து ஓடின. அது மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ‘சோம்பேறிக் கழுதை’ என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். முழு விலைக்கு, இரண்டாயிரம் ரூபாய்க்கு, ஒரு நூற்பாலை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து அவர் வந்தார். தோட்டத்தில் டிராக்டர் பின்னால் வந்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ‘உங்களுக்கு முன்பே தெரியுமா?’ என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அண்டாவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இப்போது தங்களிடம் சொல்கிறேன்.

மறைக் கடுவனை இலவசமாகவே கொடுத்தேன். செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் ஆசையாகக் கேட்டார். சும்மா கிடைத்ததற்கு எவன் கூடு கட்டுவான்? எட்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது தென்னையில் இரண்டு முழக் கம்பியில் கட்டிக் கிடந்தது, விலா எலும்பை எண்ணலாம். முந்நூறு ரூபாய் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். பதினோரு வருடம் இருந்தான். வீரச் செயல் எதுவும் செய்யவில்லை. கேட்டைத் திறந்தால் சத்தம் கேட்டு எழுந்து வருவான், அவ்வளவுதான்.

ஆகவே ‘பாதி விலை’ என்பதைக் கேட்டால் எனக்கு எரிகிறது. தாய்க்குப் போட்ட தீனி, குடற்புழு மருந்து, தடுப்பூசி, கண்விழித்த இரவுகள் எல்லாம் மறைக் குட்டிக்கு மட்டும் பாதியாகவா ஆகின்றன? கண்காட்சிக்கு ஆகாது என்பதற்காக ஆயிரம் குறைக்கலாம், எழுதியும் கொடுக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் வருகிறவன் நாய்க்காக வரவில்லை, மலிவுக்காக வருகிறான். எந்த வீட்டுக்குப் போகிறது, வேலி இருக்கிறதா, வீட்டில் பகலில் ஆள் உண்டா என்று கேட்ட பின்பு விலை பேச வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் விதை இறங்காத கடுவனை ‘சிறு குறை’ என்று மறைக் குட்டியோடு ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது அழகுக் குறையே அல்ல. பரம்பரையாக வரும். வயிற்றுக்குள் தங்கிய விதையில் பின்னால் கட்டி வரலாம், அறுவை செய்து எடுக்க வேண்டும். அங்கே விலையைக் குறைப்பது நியாயம்.

2005-இல் தபால் தலையில் இந்த நாயைப் போட்டபோது ஊரே பெருமைப்பட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களின் பெயரைச் சொன்னார். மறுவாரமே வாசலில் தரகர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் கூட ‘காது கேட்குமா’ என்று கேட்கவில்லை. ‘மூக்கு ரோஸ்தானே?’ என்றார்கள். தங்கள் பத்திரிகையின் வரி விளம்பரத்திலும் அதே கதை. கட்டுரை வந்த அதே இதழில், பதினேழாம் பக்கம் பாருங்கள்: ‘நீலக் கண், அரிய வகை, 25,000 ரூபாய்.’ மூக்கில் கறுப்பு இருந்தால் கழிவு, கண்ணில் நீலம் இருந்தால் அரிய வகை! இரண்டில் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

என் கோரிக்கை பெரிதல்ல. நாய்க்குட்டி விளம்பரம் தருகிறவரிடம் குட்டியின் வயதையும், காது சோதித்தாரா என்பதையும் கேட்டு, விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். கருவி வைத்துச் செய்யும் சோதனை எல்லா ஊரிலும் கிடையாது, தெரியும். தூங்கும் குட்டிக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தாலே இரண்டு காதும் கேளாதது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒற்றைக் காது இதில் தெரியாது, அதற்குக் கருவிதான் வேண்டும். அந்த ‘கழிவு’ என்ற சொல்லையும் இனி அச்சில் ஏற்றாமல் இருந்தால் நலம்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் டோகோ பற்றிய வரிகளை எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. டிராக்டர் பற்றியதை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
முப்பத்தோரு ஆண்டுச் சந்தாதாரர்,
ராஜபாளையம்.