உரித்த இறாலுக்கான சால்மோனெல்லா பரிசோதனை அறிக்கை குறித்த புகார்

அனுப்புநர்: உரித்த இறால் விற்பனையாளர், கடலூர் முதுநகர்.
பெறுநர்: மேலாளர், உணவுப் பரிசோதனைக் கூடம், புதுச்சேரி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கூடம் எங்களுக்கு வழங்கிய அறிக்கை குறித்துத் தொலைபேசியிலும் நேரிலும் பலமுறை கேட்டும், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டியதைத் தவிர வேறு பதில் கிடைக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் என் நாத்தனாரும் கடலூர் துறைமுகத்தில் இறால் வாங்கி, உரித்துச் சுத்தம் செய்து, புதுச்சேரி உணவகங்களுக்குக் கொடுத்துப் பிழைத்து வருகிறோம். எங்களிடம் அதிகம் வாங்கும் உணவகம், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இறாலில் இல்லை என்று அறிக்கை கேட்டதால் தங்களிடம் வந்தோம். திங்கட்கிழமை மாலை மாதிரிகளைக் கொடுத்தோம்; மறுநாள் மாலையே ‘இல்லை’ என்று அறிக்கை வந்துவிட்டது. அதில் பரிசோதனை முறை ஐ.எஸ்.ஓ. 6579-1 (இக்கிருமியைக் கண்டறியும் சர்வதேச முறை) என்று அச்சிடப்பட்டுள்ளது. அம்முறைப்படி 25 கிராம் மாதிரியைப் பஃபர்டு பெப்டோன் வாட்டர் என்னும் கிருமி வளர்க்கும் திரவத்தில் ஏறத்தாழ 18 மணி நேரமும், பிறகு அந்தக் கிருமியை மட்டும் பெருக்கும் திரவங்களில் 24 மணி நேரமும், அதன்பின் எக்ஸ்.எல்.டி. எனப்படும் கிருமி வளர்ப்புத் தட்டில் மேலும் 24 மணி நேரமும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். ‘இல்லை’ என்று சொல்வதற்கே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் பரிசோதனை ஒரே நாளில் எப்படி முடிந்தது? உணவகத்தின் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் தேதிகளைப் பார்த்ததுமே அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் தொழிலே அதோடு அழிந்துவிட்டது.

இதைக் கேட்க மறுபடியும் கடலூரிலிருந்து பேருந்தில் வந்தபோது, தங்கள் முகப்பில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “வேகவெச்சா எல்லாக் கிருமியும் செத்துடும், உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு கேள்வி?” என்றார். வேகவைத்தால் சாகும்தான். ஆனால் அந்த இறாலை வைத்த பலகையிலும் கத்தியிலும் அடுத்ததாக வெள்ளரிக்காய் நறுக்கினால் என்ன ஆகும் என்று உணவுப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அவர் பேசிய தொனியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

முதல் நாள் மாதிரிப் பெட்டியை வாங்கியவரும் அவரே. தெர்மாகோல் பெட்டியைக் குளிர்பெட்டிக்கு அனுப்பாமல் மின்விசிறிக்குக் கீழே மேசைமேல் வைத்தார். ஐஸ் உருகி வழிந்து படிவத்தின் மை கலைந்ததை நாங்களே பார்த்தோம். அவ்வாறு கிடந்த மாதிரியில் கிடைத்த முடிவை எப்படி நம்புவது? மேலும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) விதிப்படி ஐந்து மாதிரிகளில் ஒன்றில்கூட, 25 கிராமுக்கு, இக்கிருமி இருக்கக் கூடாது. நாங்கள் ஐந்து பொட்டலங்களைத் தனித்தனியாகக் கொடுத்தோம்; அறிக்கையில் ஒன்றுக்குத்தான் முடிவு உள்ளது, எத்தனை கிராம் எடுத்தீர்கள் என்பதும் இல்லை. கட்டணம் மட்டும் ஐந்துக்கும் வாங்கப்பட்டுள்ளது.

தங்கள் கூடத்தில் திறமையானவர்கள் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே, ஐந்து புதிய மாதிரிகளைத் தங்கள் செலவில் முறைப்படி பரிசோதித்து, ஒவ்வொரு கட்டமும் தொடங்கி முடிந்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அறிக்கை தருமாறும், பழைய அறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறுமாறும், முகப்பில் இருந்தவரிடம் விளக்கம் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், அறிக்கையின் தலைப்பில் தாங்கள் அச்சிட்டுள்ள என்.ஏ.பி.எல். முத்திரையை வழங்கிய, பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் அளிக்கும் வாரியத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் நகல்களுடன் புகார் அனுப்புவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரவும் தயங்க மாட்டேன். அந்த நிலைக்கு எங்களைத் தள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: அறிக்கை நகல், கட்டண ரசீது நகல், மை கலைந்த படிவத்தின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கடலூர் முதுநகர்.